சுழி

கெமி துறையிலிருந்து நாற்பது கடல்மைல்.
ஜனவரி. காலை பத்து மணிக்கும் இருட்டு.
பனியுடைக்கும் கப்பலின் அடித்தளத்தில்
முழங்காலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொரு நாளைக்கு ஒருமுறை
பனியின் கனம் அளக்கும் கருவி வாயடைத்துப் போகிறது.
அணைத்துப் போட்டால் பேசுகிறது.
மறுபடி பதினொரு நாள்.
"வியாழக்கிழமை பட்டாணி சூப் மாதிரி,
கணக்குத் தப்புவதில்லை" என்கிறாள் துணைக் கேப்டன் ரௌனி.

கர்னலுக்குள் வழக்கம் எளியது.
ஒரு பொருளைத் தொடுமுன் 'எடு' என்று சொல்:
எண்ணி ஒன்று கூடும்.
வேலை முடிந்ததும் 'விடு':
ஒன்று குறையும்.
கடைசியாக விடுகிறவர் கையில்தான்
அந்த நினைவகம் கலைந்து பொதுவுக்குப் போகும்.
யார் கடைசி என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.
தெரிந்ததாக நினைத்தவர்களின் நிரலைத் திருத்தியே
என் வீட்டு வாடகை நடக்கிறது.

இது நானே எழுதியது.
ஆறு வருடம் முன், ஔலுவில்,
மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம்.
இருநூற்றுப் பதினேழாம் வரியில் எடு.
இருநூற்று நாற்பதில் விடு.
நடுவில் ஒரு குறுக்குவழி:
பனி உரசி அளவு கிடைக்காவிட்டால்
பிழை எண்ணோடு உடனே திரும்பு.
திரும்பியிருக்கிறேன்.
விடவில்லை.
நேர்வழியில் எல்லாரும் யோக்கியர்கள்;
பிழைத்து ஓடும் வழியில்தான்
கைமாற்று வாங்கியது மறந்துபோகிறது.
ஒவ்வோர் உரசலுக்கும் கொஞ்சம் நினைவகம்
யாருமில்லாத அறையில் எரியும் விளக்காய்.

எல்லா வழிகளும் வந்து சேரும் கடைசி வரியில்
ஒரு 'விடு' சேர்த்தேன்.
தொகுப்பு ஓடட்டும் என்று மேலே போனேன், காப்பிக்கு.

ஏணி வாசலில் ஒரு மரப்பலகை.
ஆளுக்கொரு பித்தளைத் தகடு.
பனிமேல் இறங்குகிறவர் சிவப்புக்குத் திருப்ப வேண்டும்,
ஏறி வந்ததும் வெள்ளைக்கு.
ஒரு சிவப்பு இருந்தாலும் விசிறி அசையாது.
பலகையில் சுழி வந்தபின்தான்
தண்ணீரில் சுழி.

முந்தின நாள் தௌனோவின் தகடு சிவப்பாகவே கிடந்தது.
தேடுவிளக்கு, ஒலிபெருக்கி, மூன்று மணி நேரம்.
தௌனோ தன் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
சிரித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.
டீசல் வீண், வேறொன்றும் இல்லை.

இன்று மறுபடி அதே தகடு சிவப்பு.
பயிற்சிக்கு வந்திருக்கும் வில்யாமி
"கிழவர் இன்றைக்கும் மறந்துட்டார்" என்று
தானே வெள்ளைக்குத் திருப்பினான்.
நல்ல பையன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
எனக்கும் உறைக்கவில்லை.

மேலே ரௌனி பலகைக் கணக்கைக் கேட்டாள்.
சுழி என்றார்கள்.
நெம்புகோலில் கை வைத்தவள்
ஏனோ பின்பக்க ஜன்னலை ஒருமுறை துடைத்தாள்.
விசிறிக்கு எட்டடியில், பனிமேல்,
ஒரு தலைவிளக்கு.
தௌனோ மண்டியிட்டுத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.
ஆள் இருந்தார். கணக்கில் இல்லை.

இறங்கி வந்த ரௌனி சத்தம் போடவில்லை.
"உன் தகட்டுக்குத்தான் உன் விரல்" என்றாள்,
அவ்வளவுதான்.
வில்யாமியின் காது நுனிகள் சிவந்தன.

காப்பியைக் குடிக்காமல் கீழே ஓடினேன்.
நான் சேர்த்த அந்தக் கடைசி 'விடு':
ஒரு வழியில் பொருளை
நேரங்காட்டிக்குக் கொடுத்துவிட்டல்லவா திரும்புகிறேன்?
அது தன் பாட்டுக்கு, தன் வேளையில் விடும்.
அதற்குள் நான் விட்டால்
பாதி எழுதிய கையின் கீழ் காகிதம் இருக்காது.
அழித்தேன்.
பிழைவழிக்குள் மட்டும் ஒரு விடு.
நேரங்காட்டியிடம் நீட்டுமுன்
அதன் பெயரில் ஓர் எடு.
மொத்தம் இரண்டே வரி.

பன்னிரண்டாம் நாள் கருவி பேசிக்கொண்டே இருந்தது.
யாரும் கவனிக்கவில்லை.

கெமியில் இறங்கி டாக்சியில் பாதி தூரம் போயிருப்பேன்.
ரௌனி அழைத்தாள்.
விருந்தாளித் தகடு சிவப்பில் இருக்கிறதாம்.
இறங்கும்போது பழக்கத்தில் திருப்பியிருக்கிறேன்.
"நான்தான் ஊருக்கே போய்விட்டேனே,
நீங்களே திருப்பிவிடுங்களேன்."
அந்தப் பக்கம் மௌனம்.
எஞ்சின் தயாராக உறுமுவது கேட்டது.

ஓட்டுநரிடம் சொன்னேன்,
வண்டியைத் திருப்பச் சொல்லி.